பொய்ச் சமாதிகள்

சீனத்தில் காய்பிங் பக்கம் பியென் வம்சத்து ஊரில் ஒப்பாரி என்றால் ஷுவாங்யேதான். அவள் உட்கார்ந்து அழுதால் செத்தவனின் பகையாளிகூடக் கண்ணைத் துடைப்பான். ஆனால் அம்மை கண்டு போன தன் ஐந்து வயது மகனுக்கு அவள் அழக் கூடாது. பெற்றவளை முந்திக்கொண்டு போன பிள்ளைக்கு அங்கே அழுகையும் கிடையாது, சமாதி மேடும் கிடையாது. பாயில் சுருட்டிச் சோளக்கொல்லை ஓரத்தில் புதைத்து, மண்ணைச் சமமாக்கிவிட்டார்கள். பாழாய்ப்போன வழக்கம்!

சுரங்கத்து நிலக்கரி போக ரயில் பாதை போடுகிறோம் என்று கம்பெனி ஆட்கள் கொடி நட்டார்கள். முன்னோர் தலைமேல் இரும்பு ஓடினால் வம்சம் விளங்குமா? சமாதியைக் கண்டால் பாதையை விலக்கிக்கொள்வார்கள் என்று, கொடி போன வழியெல்லாம் ஊர்க்காரர்கள் வெறும் மண்ணைக் குவித்துச் சமாதியாக்கினார்கள்.

"மருமவளே, எல்லாம் நீ அழுறதுலதான் இருக்கு," என்றார் ஊர்த்தலைவர்.

"யாரைச் சொல்லி அழ, மாமா?"

"யாரையாச்சும் சொல்லு. உள்ள இருக்கறவன் எந்திரிச்சு வந்து கேக்கவா போறான்?"

இல்லாத கொழுந்தனுக்காக அவள் புரண்டு புரண்டு அழுதாள். அந்த ஆண்டு வேலை நின்றது. அடுத்த வசந்தத்தில் கொடிகள் இடம் மாறின, மேடே இல்லாத சோளக்கொல்லை ஓரத்துக்கு. ஊர் பட்டாசு வெடித்தது. ஷுவாங்யே ஊர்த்தலைவரிடம் ஓடினாள்.

"மாமா, அங்க எம்புள்ள கெடக்கான்!"

"வாயை மூடு. ஒண்ணைத் தோண்டுனா கம்பெனிக்காரன் எல்லாத்தையும் தோண்டிப் பாப்பான். நம்ம பொய் வெளிய வந்துடும்."

அவள் கொல்லையில் போய் விழுந்து கதறினாள். கம்பெனி மேஸ்திரி சிரித்தான்.

"ஏம்மா, இது எத்தனாவது கொழுந்தன்? போன தடவை இதைவிட நல்லா அழுதியே!"

இங்கே யாரையாவது புதைத்திருக்கிறதா என்று அவன் ஊர்த்தலைவரிடம் திரும்பிக் கேட்டான். அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "இங்க யாரும் இல்லீங்க. அவளுக்குப் பொழப்பே அழுகைதான்."

அதோடு அவள் அழுகை நின்றது. பக்கத்தில் நின்ற கூலியாளின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கித் தானே தோண்டினாள். பாய் மக்கிப்போயிருந்தது. சின்னச் சின்ன எலும்புகளை மேலங்கியில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். எங்கே புதைத்தாள் என்று யாருக்கும் தெரியாது.

சில வருஷம் கழித்து ஊர்த்தலைவர் செத்தபோது, அழ வரச்சொல்லி அவர் மகன் அவள் வாசலில் வந்து நின்றான்.

"அங்க யாரும் இல்லையே, தம்பி," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.