எவாஞ்சலின் எடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு

அந்தப் பாடத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. மூன்றாமாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் அது கட்டாயம் என்று பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டதால், யாராவது ஒருவர் தலையில் அது விழ வேண்டியிருந்தது. எவாஞ்சலின் தலையில் விழுந்தது. 'நீடித்த வளர்ச்சியும் உலக இலக்குகளும்' என்று பெயர். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு மணி நேரம்.

"ஐ.நா. சபை போட்ட பதினேழு இலக்கு இருக்குதும்மா. படிச்சிக் காட்டிட்டு மார்க் போட்டுடுங்க, போதும்," என்றார் விலங்கியல் துறைத் தலைவர் கஜபதி. "அந்நேரத்துக்கு யாரு உக்காரப் போறான்? எல்லாம் ரயிலுக்கு ஓடிடுவாங்க."

எவாஞ்சலினுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. திருத்தணிக்கு வெளியே அரக்கோணம் சாலையில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். ஆசிரியர் அறையில் தற்காலிகக்காரர்கள் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அவள் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் யாராவது வந்து நிற்பார்கள். அதனால் ஆய்வகத்திலேயே, புட்டிகளுக்குள் வெளுத்துப்போன பாம்புக்கும் நட்சத்திர மீனுக்கும் எதிரே டிபன் டப்பாவைத் திறந்துவிடுவாள். அவை குறுக்கே பேசுவதில்லை.

வீடு அரக்கோணத்தில். ரயில்வேயில் இருந்த அப்பா கட்டியது. அப்பா போய்ப் பல வருடமாயிற்று. அம்மாவும் இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டாள். வரன் பார்த்துப் பார்த்து ஓய்ந்தபின் அந்தப் பேச்சை சபையில்கூட யாரும் எடுப்பதில்லை. தம்பி சாம் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம் பார்த்துப் போன் செய்வான். "சாப்டியாக்கா?" "ஆங், சாப்ட்டேன்." பிள்ளைகளைப் பற்றி நாலு வார்த்தை. அத்தோடு சரி.

ஆனாலும் பாடத்தை ஒழுங்காகத்தான் தயாரித்தாள். சார்ட் வாங்கிப் பதினேழு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் தீட்டினாள். வறுமை ஒழிப்பு, பட்டினி ஒழிப்பு, நல்ல உடல்நலம் என்று வரிசையாகக் கூடத்தில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கேட்க யாரும் இல்லாததால் குரல் சுவரில் பட்டுக் கொஞ்சம் பெரிதாகத் திரும்பி வந்தது.

முதல் வெள்ளிக்கிழமை அறுபது பேரில் நாற்பது பேர் வந்தார்கள். ஆடிக் கிருத்திகை வாரத்தில் ஊரே காவடியும் கூட்டமுமாக இருந்ததில் வகுப்பே நடக்கவில்லை. அதற்கடுத்த வாரம் எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர். அவர்களிலும் பாதிப்பேர் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஆறாவது இலக்கு. தூய குடிநீர், சுகாதாரம். எங்கோ ஒரு நாட்டில் பெண்கள் ஆறு கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுப்பதைப் புத்தகத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பெஞ்சிலிருந்து யுவஸ்ரீ எழுந்தாள். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களின் மகள். அவளுடைய அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஆந்திராவிலுள்ள நகரி.

"மேம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"எங்கியோ நடக்கறத சொல்லிகினு இருக்கீங்க. இங்க லேடீஸ் டாய்லெட்டு மூணு இருக்குது. ரெண்டு பூட்டி வெச்சிருக்காங்க. ஒண்ணுல தண்ணி வராது. நாங்க காலைல வூட்ல குடிச்சா, திரும்பி வூட்டுக்குப் போயிதான் தண்ணியே குடிக்கறோம். இது எந்த இலக்குல வருது மேம்?"

பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்தான்.

எவாஞ்சலினும் அதைத்தான் பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். போன வருடம் சிறுநீரகத்தில் கல் என்று மூன்று நாள் அரக்கோணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் கேட்டபோது, மறந்துவிடுகிறேன் என்று சொல்லிவைத்தாள். தன் உடம்பின் குறை என்றே அதை நினைத்திருந்தாள். சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இருந்திருந்தால் அது தன் குறை இல்லையென்று முன்பே தெரிந்திருக்கும்.

புத்தகத்தை மூடினாள். "ஆறாவதுலயும் வருது. ஆணும் பொண்ணும் சமம்னு சொல்ற அஞ்சாவதுலயும் வருது. கல்வி இருக்குதே, நாலாவது, அதுலயும் வருது. எத்தன பேருக்கு இப்படின்னு நமக்குத் தெரியுமா?"

தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதுதான் இனிப் பாடம் என்று அந்தப் பதினொரு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். பையன்கள் குழாய்களையும் பூட்டுகளையும் எண்ணிப் படம் வரைந்தார்கள். பெண்கள் வகுப்பு வகுப்பாகப் போய்த் துண்டுச்சீட்டுக் கொடுத்தார்கள். பெயர் வேண்டாம், ஒரு நாளில் கல்லூரியில் எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறாய், அது போதும் என்றார்கள். முந்நூற்று இருபத்தாறு சீட்டு வந்தது. அதில் இருநூற்று எழுபத்தொன்றில் ஒரு முறைகூட இல்லை என்றிருந்தது.

கேட்காததையும் சிலர் எழுதியிருந்தார்கள். மாலையில் எவாஞ்சலின் அவற்றை வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாக வாசித்தாள். அம்மா போனபின் அந்த வீட்டில் அத்தனை பேர் பேசியது அன்றைக்குத்தான். ஒரு சீட்டு தெலுங்கில் இருந்தது. மறுநாள் கல்லூரியில் யுவஸ்ரீ அதைப் படித்துச் சொன்னாள்: "மாசத்துல மூணு நாள் காலேஜுக்கு வர்றதில்ல. நைனாகிட்ட தலவலின்னு பொய் சொல்றேன். நைனா பாவம், தைலம் வாங்கிக் குடுக்கறாரு."

கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனாள்.

"பாடம் நடத்தச் சொன்னா என்னம்மா இது?" என்றார் அவர். "காலேஜுக்கு கிரேடு போட ஜனவரில ஆய்வுக் குழு வருது. இந்த நேரத்துல இப்படி ஒரு பேப்பரா? எழுதினது யாரு யாரு?"

"பேர் போடல சார்."

"கையெழுத்துப் பாத்தா தெரியும். சீட்ட குடுத்துட்டுப் போங்க."

சீட்டுகள் இருந்த பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். "கணக்கு மட்டும்தான் சார் குடுப்பேன். சீட்டக் குடுக்க முடியாது."

அந்தக் கல்லூரியில் அவள் சொன்ன முதல் 'முடியாது' அது. வெளியே வந்து படிக்கட்டில் இறங்கினாள். கஜபதி எதிரே வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. பார்க்காதவர் மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு கடந்துபோனார்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. "அவ்ளோதானா மேம்?" என்று யுவஸ்ரீ இரண்டு முறை கேட்டுவிட்டாள். பொங்கல் முடிந்ததும் திடீரென்று ஆட்கள் வந்தார்கள். மாடியில் புதுத் தொட்டி ஏறியது, கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். 'இலக்கு 6 – எங்கள் வளாகத்தில்' என்று ஒரு பலகையும் முளைத்தது. ஆய்வுக் குழுவின் முன்னால் முதல்வர் அந்தக் கணக்கைத் தன் கணக்காகவே வாசித்தார். கூட்டத்தில் யுவஸ்ரீ பாதி எழுந்து அவளைத் தேடினாள். எவாஞ்சலின் கடைசி வரிசையிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தண்ணீர் வருகிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் அன்று ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழு போன இரண்டாம் வாரம் மறுபடியும் பூட்டு.

"புதுசா கட்டினத நாசம் பண்ணிடுவாங்கம்மா," என்றார் அலுவலகத்துத் துளசிங்கம். "தொறந்து வுட்டா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு. எழுதிக்கோங்க."

அவர் விளையாட்டாகத்தான் நோட்டை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். மறுநாளும் வாங்கினாள். எட்டே முக்காலுக்குத் திறந்து, மோட்டார் போடச் சொல்லி, எல்லாப் பெண்களும் போனபின் பூட்டி ஒப்படைத்தாள். வழக்கமான ரயிலை விட்டு அடுத்த ரயிலில் போக வேண்டியதாயிற்று. அந்த வண்டியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

ஜூனில் அந்தப் பாடத்தை நிரந்தர ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆய்வுக் குழு பாராட்டியதால் இப்போது அதைக் கேட்டு வாங்க ஆள் இருந்தது. அவளுக்குப் பழையபடி ஆய்வக வேலை. யுவஸ்ரீ ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக ஒரு முறை மெசேஜ் அனுப்பினாள். பிறகு எதுவும் வரவில்லை. புது வேலையில் நேரம் இருக்காது என்று எவாஞ்சலின் எண்ணிக்கொண்டாள்.

சாவிப் பொறுப்பு மட்டும் அவளிடமே இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பெங்களூர் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகச் சொன்னான் சாம். லீவுக்கு முன்னாலேயே கிளம்ப முடியாது, கதவு திறக்க ஆள் வேண்டும் என்றாள். "இதுக்காக்கா எம்.ஃபில். படிச்ச?" என்று சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் காய்ச்சல் வந்து கல்லூரிக்குப் போகவில்லை. மறுநாள் காலை முகம் தெரியாத ஒரு முதலாமாண்டுப் பெண் கழிப்பறைக் கதவருகே காத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஏன் மேம் வரல? பூட்டியே கெடந்துச்சு."

பூட்டுக்காகத்தான் கேட்கிறாள் என்று எவாஞ்சலினுக்குத் தெரியும். இருந்தாலும், வராமல் போனதற்குக் காரணம் கேட்டு ஒருத்தி நின்றது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"காய்ச்சல்மா," என்றாள். "நேத்தெல்லாம் எழுந்திருக்கவே முடியல."

"அப்டிங்களா மேம்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே போனாள். எவாஞ்சலின் மோட்டார் போடச் சொல்வதற்காக அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.