கடப்பா என்று ஒரு ஊர்

தொண்ணூற்று மூன்றாம் வருடம், மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. மயிலாப்பூரிலிருந்து சென்ட்ரல் வழியாகப் பாரிமுனை போகிற பஸ். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நின்றுகொண்டிருந்த ஒரு பெண் தன் பையை என் மடியில் வைத்தார்.
2. பையை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.
3. அதைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் ரயிலில் ஏறினேன்.
4. இறங்க வழி இருந்தும் இறங்கவில்லை.

எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, அடையாறில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பழக்கம் அங்கே வந்தது. ஆனால் நாலாவது ஏன் நடந்தது என்று மட்டும் எந்த வரிசையிலும் வரவில்லை.

ஏனென்றால் அதுவரை ஊர் சுற்றுவதில் எனக்கு எள்ளளவும் ஆர்வம் கிடையாது. வீடு மயிலாப்பூர், வேலை அடையாறு, துணி எடுக்க தி.நகர். திருவான்மியூரே எனக்கு வெளியூர் மாதிரிதான். கூட வேலை செய்கிறவர்கள் ஊட்டி போய் எடுத்த போட்டோக்களை நீட்டினால், "குளிரா இருந்துதா?" என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டு சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

அன்று ரிச்சி தெருவில் சில பாகங்கள் வாங்க வேண்டியிருந்தது. பெண்கள் பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராயப்பேட்டையில் கூட்டம் ஏறியது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, இடுப்பில் பெண் குழந்தையோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "இத்தக் கொஞ்சம் புடிச்சுக்கம்மா" என்று பெரிய ரெக்ஸின் பையை என் மடியில் வைத்தார். சென்னை பஸ்ஸில் இது எழுதாத சட்டம். உட்கார்ந்திருப்பவரின் மடி, நிற்பவர்களின் அலமாரி. டிபன் கேரியர் வரும், புத்தக மூட்டை வரும், சில நாள் குழந்தையே வரும். கொடுக்கிறவரும் யோசிப்பதில்லை, வாங்குகிறவரும் யோசிப்பதில்லை.

நான் கேட்காமலேயே அவர் சொன்னார்: "பம்பாய் போறோம். என் தம்பி துபாய்க்குப் போறான். நாளைக்கு ராத்திரி அங்கேருந்து பிளேன். திரும்பி வர நாலு வருசம் ஆவுமாம். மூஞ்சிய ஒருதரம் பாத்துட்டு வந்துரலாம்னு." பின்பக்கம் பெட்டியோடு நின்ற தன் கணவரைக் காட்டினார். கோடம்பாக்கத்தில் சினிமாக்காரர்களுக்கு உடுப்பு தைக்கிறவராம். தலையாட்டிவிட்டு என் பாகங்களின் பட்டியலைச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

மவுண்ட் ரோட்டில் ஏதோ ஊர்வலம். பஸ் நகரவே இல்லை. திடீரென்று பின்னாலிருந்து கணவர் கத்தினார்: "ஏய், எறங்கு எறங்கு! வண்டி போயிடும். ஆட்டோல சந்து வழியா போயிடலாம்!" அக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இடித்துப் பிடித்து இறங்கினார். ஊர்வலம் விலகி பஸ் கிளம்பியதும்தான் என் மடியின் கனம் எனக்கு உறைத்தது. எட்டிப் பார்த்தேன். ஆட்டோ எப்போதோ போயிருந்தது.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கண்டக்டரிடம் கொடு என்றார் ஒருவர். போலீஸில் கொடு என்றார் இன்னொருவர். கண்டக்டரோ, "நான் இன்னாம்மா பண்றது, டிப்போவுல போட்டா திங்கக்கெயமதான் எடுப்பாங்கோ. தொறந்து பாரு, இன்னா கீதுன்னு" என்றார்.

திறந்தேன். மேலாகவே ஒரு கைக்குட்டையில் சுற்றிய ரயில் டிக்கெட். அதன் கீழே புதிதாகத் தைத்த இரண்டு சட்டைகள், ஊறுகாய் பாட்டில். டிக்கெட்டில் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஆனால் அன்றைய தேதி, ரயில், பெட்டி எண், படுக்கை எண் எல்லாம் இருந்தன. யோசித்தால் அதுவே போதும். இந்தப் பெரிய ஊரில் அந்த அக்கா நிச்சயமாக வந்து நிற்கக்கூடிய ஒரே இடம், அந்தப் பெட்டியின் வாசல். ரிச்சி தெரு நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை.

சென்ட்ரலில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் நினைத்த இடத்தில்தான் இருந்தார். குழந்தை துணிப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. அவர் டி.டி.ஆரிடம் கும்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையைக்கூட வாங்காமல் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அல்லா உன்ன நல்லா வெப்பான்" என்றார். அடுத்த நொடியே முகம் மாறியது. "ஐயோ, அந்த மனுசன் பைய தேடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிட்சே!"

சிக்னல் விழுந்துவிட்டது. டி.டி.ஆர். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "மொதல்ல ஏறுங்க, அப்புறம் அழுவுங்க" என்றார். அக்கா ஏறினார். நான் குழந்தையைக் கொடுத்தேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன், அவரால் இழுக்க முடியவில்லை. நானும் ஏறி இழுத்தேன். இருக்கைக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஒரு தூண் மெதுவாகப் பின்னால் போனது.

வாசலுக்கு ஓடினேன். ரயில் வேகம் எடுத்திருந்தது. குதிக்கிற ஆள் இல்லை நான். அப்போதுதான் பக்கத்துப் பெட்டியிலிருந்து, வேர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ள, கணவர் வந்து சேர்ந்தார். ஓடுகிற ரயிலில் கடைசிப் பெட்டியில் தொற்றியிருக்கிறார். மனைவியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பைய தேடிக்கினு நான் பஸ் பஸ்ஸா பூந்து வந்தா, பை எனுக்கு முன்னாடி சீட் புடிச்சு குந்திக்கினு கீது!" என்றார். அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார்.

பிறகு என் நிலைமை அவருக்குப் புரிந்தது. "அடடே, செயின இழுக்கவா தங்கச்சி?" என்று கையை உயர்த்திவிட்டார்.

"வேண்டாம், வேண்டாம்" என்றேன்.

ரயில் நின்றால் தாமதமாகும், தம்பியைப் பார்க்க முடியாமல் போகும் என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. ஜன்னலில் ஊரின் முதுகு தெரிந்துகொண்டிருந்தது. துணி காயும் மாடிகள், பட்டறைகள், நிற்காமலே கடந்துபோகிற ஸ்டேஷன்கள். இவ்வளவு நாள் முன்பக்கம் மட்டுமே பார்த்திருந்த சென்னைக்கு இப்படி ஒரு பின்பக்கம் உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அரக்கோணத்துல நிக்கும், எறங்கி மின்சார ரயில் புடிச்சுடு" என்று சொல்லிவிட்டு, அபராதம் கேட்காமல் டி.டி.ஆர். பெருந்தன்மையாக நகர்ந்துவிட்டார்.

"அரக்கோணத்துக்கு அப்புறம் என்ன வரும்?" என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

கணவர் விரல் விட்டார். "ரேணிகுண்டா, கடப்பா, குண்டக்கல்லு..."

"கடப்பாவா? அது கல்லு இல்ல?"

"ஊரு இருந்தாதானே தங்கச்சி கல்லு வரும்? கல்லு இன்னா கடைலயா காய்க்குது?"

எதிர் இருக்கைக்காரர்கள்வரை சிரித்தார்கள். எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பாக் கல்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதன்மேல் சப்பாத்தி இட்டிருக்கிறேன், துடைத்திருக்கிறேன். அது ஒரு ஊரின் பெயர், அங்கே பஸ் ஓடும், பள்ளிக்கூடம் இருக்கும், மனிதர்கள் இருப்பார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. இந்த ரயில் சாயங்காலத்துக்குள் அதைத் தாண்டிவிடுமாம். அக்கா கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, பாகங்களின் பட்டியலுக்குப் பின்பக்கம் அந்த ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டேன்.

அரக்கோணத்தில் இறங்கினேன். குழந்தை கை ஆட்டியது. கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றேன். அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் திரும்பிப் போவது, ஒரு மெஷினைத் திறந்துவிட்டுப் பார்க்காமலே மூடுவது போல இருந்தது.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "ரிச்சி தெருவுக்குப் போயிட்டு வர இவ்வளவு நாழியா?"

"அரக்கோணம் வழியாப் போனேம்மா" என்றேன். கிண்டல் என்று நினைத்து உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து ரயில்வே விசாரணைக்குப் பேசினேன். பம்பாய் வண்டி நேரத்துக்குப் போகிறதா என்று கேட்டேன். "கடப்பா தாண்டிடுச்சும்மா, கரெக்ட் டயம். உங்க வீட்டு ஆளுங்க போறாங்களா?" என்றார் எதிர்முனையில் பேசியவர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சமையல் மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த டிசம்பரில், கூட வேலை செய்யும் ஒரு தோழியோடு கடப்பா போனேன். வழக்கமாகப் போகிற ஊர்களை விட்டுவிட்டு இங்கே எதற்கு என்று அவள் வழியெல்லாம் கேட்டாள். ஊருக்கு வெளியே சாலையோரம் கல்லைக் கருப்புப் பலகைகளாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு டீக்கடையில் பெஞ்சே அந்தக் கல்தான். மார்கழிக் காலையில் சில்லென்று இருந்தது. அதில் உட்கார்ந்து டீ குடித்தபோது, எங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பது போலவும் இருந்தது, இதுவரை யாருமே வராத இடத்துக்கு வந்துவிட்டது போலவும் இருந்தது.

அதற்கப்புறம் குண்டக்கல்வரை போயிருக்கிறேன். பம்பாய்க்கு இன்னும் போகவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தால் இப்போதும் நிற்பவர்களின் பையை வாங்கிக்கொள்கிறேன். வாங்கும்போதே, எங்கே போறீங்க என்று கேட்டுவிடுகிறேன். பை தவறிவிடக் கூடாது என்றுதான் கேட்க ஆரம்பித்தேன். இப்போது பதிலுக்காகக் கேட்கிறேன்.