இடுப்புக்குப் போகும் கை

அல்ரோனா நிலையத்தில், எஸ்-பான் என்கிற நகர ரயிலின் கதவு மூடிய கணத்தில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. ரயில் ஒரு குலுக்கோடு புறப்பட்டது. பெட்டியில் நின்ற எல்லோருடைய கைகளும் கம்பியைத் தேடின. எனக்கு எதிரே நின்ற அத்தானின் வலது கை மட்டும் இடுப்பைத் தேடியது. ஜக்கற்றுக்கு மேலால் ஒரு தட்டு. பிறகு ஒரு தடவல். பிறகு யாராவது கண்டார்களா என்று பெட்டி முழுவதையும் சுற்றி ஒரு பார்வை. அதுவரை அவரைக் கவனிக்காமல் இருந்தவர்களும் அந்தப் பார்வையின் பின் கவனித்தார்கள்.

இந்த மனிதர் துவக்கை ஒளித்து வைத்திருக்கவில்லை, காட்சிக்கு வைத்திருக்கிறார் என்று அப்போது பட்டது. கூடவே இன்னொன்றும் பட்டது: இதை என்னால் திருத்த முடியும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஹம்பேர்க்கில் அக்கா வீட்டில் தங்கி இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். எதைக் கண்டாலும் கழற்றிப் பூட்டி முன்னைவிட நன்றாக ஓடவைக்கலாம் என்ற நம்பிக்கை அந்த வயதில் எனக்கு நிறைய இருந்தது. அக்காவின் கணவரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டேன்.

துவக்கு என்று சொல்வதே அதற்குக் கொடுக்கிற பெரிய மரியாதை. அது ஒரு காஸ் பிஸ்டல். அதிலிருந்து குண்டு வராது. சத்தம் வரும், கண்ணை எரிக்கிற புகை வரும். வயது வந்த எவரும் கடையில் வாங்கலாம். வீதியில் கொண்டு திரிவதென்றால் மட்டும் பொலிசிடம் ஒரு சிறிய அனுமதி எடுக்க வேண்டும் என்று அண்மையில் சட்டம் வந்திருந்தது. அத்தான் ஒழுங்காக அதை எடுத்திருந்தார். பிரதான ரயில் நிலையத்துக்கு அருகே அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. பக்கத்துக் கடையில் ரெலிபோன் கார்ட் விற்றவரை யாரோ முகத்தில் குத்திவிட்டு ஓடியதற்கு மறுகிழமை அவர் பிஸ்டலோடு வீட்டுக்கு வந்தார்.

எண்பதுகளில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, துவக்குக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று சொல்லி அடைக்கலம் கேட்டவர் அவர். சொன்னது பொய்யுமல்ல. உண்மையாகவே பயந்தவர்தான். அந்த மனிதர் இப்போது இந்த விளையாட்டுச் சாமானை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றை உள்ளிழுத்துப் பார்த்ததை நான் கண்டேன். பிஸ்டல் மறைந்தது. வயிறு மறையவில்லை.

அதையாவது பொத்திக்கொண்டு இருந்தாரா? கடைக்கு வருகிற ஆண்கள் கருவாட்டுப் பெட்டிக்கு மேலால் குனிந்து, "அண்ணை, சாமான் இருக்கோ?" என்று கேட்பார்கள். அத்தான் பதில் சொல்ல மாட்டார். கண்ணை மட்டும் மெல்ல மூடித் திறப்பார். ஏதோ ஒரு நாட்டின் இரகசியம் அவரிடம் இருப்பது போல. ஹம்பேர்க்கில் தமிழ் தெரிந்த எவருக்கும் அவர் பிஸ்டல் வைத்திருப்பது தெரியும். தெரியாமல் இருந்தது கள்ளர்களுக்கு மட்டும்தான்.

இது வெறும் சிரிப்பாக முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வருடம்தான் அக்கா குடும்பம் ஜெர்மன் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. எல்லாம் மூத்தவளுக்காக. பதின்மூன்று வயது. முந்தைய முறை அவளுடைய வகுப்பு இங்கிலாந்துக்குச் சுற்றுலா போனபோது, அகதிக் கடவுச்சீட்டுக்கு விசா வரவில்லை. வகுப்பு முழுவதும் கப்பலேற, இவளை மட்டும் ஒரு வகுப்புக் கீழே, சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். அடுத்த சுற்றுலா வருகிற வசந்தத்தில். விண்ணப்பம் கொடுத்த அரச கந்தோரில் அக்காவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்: பொலிஸ் விவகாரம் எதுவும் இருக்கக் கூடாது, சின்னதாகக்கூட. வீதியில் பிஸ்டலோடு போவது விவகாரமல்ல, அனுமதி இருந்தது. திருவிழா, கூட்டம், ஊர்வலம் என்று சனம் கூடுகிற இடத்துக்கு அதைக் கொண்டுபோவதுதான் குற்றம். அந்த அனுமதி அங்கே செல்லாது.

இடுப்பைத் தட்டித் தட்டியே இந்த மனிதர் ஒருநாள் பொலிசைக் கூப்பிட்டுவிடுவார் என்று நான் வேலையைத் தொடங்கினேன். விரிவுரைகளுக்குப் போகாமல் கணினிக்கு முன்னால் இருந்து, அமெரிக்கர்கள் இந்த விடயத்தைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்ததை எல்லாம் வாசித்தேன். இடுப்பில் துவக்கோடு சந்தைக்குப் போய்வந்து, அது ஒருவருக்கும் தெரியவில்லை என்பதை உலகம் முழுவதற்கும் அறிவிக்கிற மனிதர்கள். சேட்டு தொளதொளவென்று இருக்கட்டும், கோடு போட்டதாக இருக்கட்டும், என்று கலியாணப் புடைவை எடுக்கிற பெண்களைவிட நுணுக்கமாகத் துணி பார்த்தார்கள். அவர்கள் சொன்னதில் உருப்படியானது ஒன்றே ஒன்று: தொடாதே.

வரவேற்பறையில் அத்தானை நடக்கவிட்டேன்.

"கையைத் தொங்க விடுங்கோ அத்தான்."

"தொங்கத்தானே விட்டிருக்கிறன் மச்சான்."

"உது தொங்கேல்லை. உது காவல் நிக்குது."

சூடான பெட்டியால் துணி மினுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே கேட்டாள்: "என்னடா, பொம்பிளை பாக்க ஆக்கள் வரப்போகினமோ? நடை பழக்கிறாய்."

"இஞ்சேர், இது பாதுகாப்பு விசயம்," என்றார் அத்தான்.

"ஆருக்குப் பாதுகாப்பு? கள்ளன் வந்தால் நீங்கள் முதல் ஜக்கற்றைத் திறக்கோணும், பேந்து சேட்டை இழுக்கோணும், பேந்து வயித்தை உள்ளுக்கு எடுக்கோணும். அவன் பாவம், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கவேண்டியதுதான்."

அத்தான் கோபத்தோடு அவள் பக்கம் திரும்பினார். திரும்பும்போதே கை இடுப்பைத் தட்டியது.

தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் சண்டை வந்தது. எங்கள் கோயில் ஒரு காலத்தில் தளபாடக் களஞ்சியமாக இருந்த கட்டடம். வருடத்தில் ஒருநாள் சுவாமி தேரில் ஏறி, தொழிற்சாலைகளுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் நடுவே வீதியுலா வருவார். ஹம்பேர்க் பொலிஸ் வீதியை மறித்துக் கூடவே நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு அத்தான் பிஸ்டலைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்.

"போன வருசம் சனத்துக்குள்ளை ஒரு அக்கான்ரை சங்கிலியை அறுத்தவங்கள். எங்கடை பொம்பிளையள் தேருக்கு நகைக்கடை மாதிரித்தானே வருவினம். ஆராவது பாக்கவேணும்."

"அங்கை பொலிஸ் நிக்கும் அத்தான்."

"பொலிசுக்குத் தமிழ் விளங்குமே?"

"கள்ளனுக்குத் தமிழ் விளங்குமெண்டு ஆர் சொன்னது?"

அக்கா மினுக்குப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உதை அங்கை கொண்டுவந்தியளெண்டால் பிள்ளையின்ரை இங்கிலாந்து போச்சு. இப்பவே சொல்லிப்போட்டன்."

"இல்லை, கொண்டுவரேல்லை. முருகனாணை," என்றார் அத்தான்.

முருகனுக்கு அவருடைய ஆணைகள் பழகிப்போயிருக்கும். மறுநாள் காலை கோயில் வாசலில் அவரைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. கொண்டுவந்திருந்தார். சேட்டுக்கு மேலால் எதுவும் துருத்தவில்லை, கையும் ஆச்சரியமாகக் கீழேதான் தொங்கியது. என் பயிற்சியில் குறை சொல்ல முடியாது. ஆனால் சேட்டைப் போட்டுக்கொண்டே நின்றார்.

எங்கள் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டை அணிந்து சுவாமிக்கு முன்னால் போவதில்லை. வாசலிலேயே கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து கழற்றி வருகிறோம். இருந்தும் துணியின் நிறத்தையும் தொளதொளப்பையும் பற்றிக் கிழமைக்கணக்காகக் கதைத்த எங்கள் இருவரில் ஒருவருக்கும், துணியே இல்லாமல் நிற்கவேண்டிய இடத்துக்குப் போகிறோம் என்று தோன்றவில்லை. அந்த அமெரிக்கர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர்களுடைய கடவுள் சேட்டோடு வரச் சொல்கிறார்.

வெயில் கொளுத்தியது. வெறும் மேலோடு நூற்றுக்கணக்கான ஆண்கள் வியர்வையும் திருநீறுமாகத் தேரைச் சுற்றி நின்றார்கள். நடுவில் ஒரு கோடு போட்ட சேட்டு. இடுப்பில் கட்டவேண்டிய சால்வையை வேறு கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தார்.

"என்ன அண்ணை, குளிருதோ?"

"தேமலாக்கும். மருந்து பூசியிருக்கிறார்."

"அது ஒண்டுமில்லை, மனிசன் அல்லேலூயாவுக்கு மாறிட்டுது. போன மாசம் கடையிலை கிறிஸ்தவப் பாட்டுப் போச்சுது, நான் என்ரை காதாலை கேட்டனான்."

தேர் இன்னும் அசையவில்லை. அத்தானின் மதமாற்றம் வீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிட்டது. வழமையாக வடத்தில் அவருக்கு முன்வரிசை இடம் உண்டு. கோயில் செயலாளர் வந்து, "அண்ணை, சேட்டோடை வடம் பிடிக்கேலாது. ஒண்டில் கழட்டுங்கோ, இல்லாட்டி விலத்துங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வடத்தைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன். விலகி வீதியோரத்துக்குப் போனார். அங்கே மூத்த மகள் பட்டுப்பாவாடையோடு தண்ணீர்ப் போத்தல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரி.

வெறும் மேல்களுக்குள் மூடிக்கட்டிக்கொண்டு நிற்கிற ஒரே மனிதரை அந்தப் பொலிஸ்காரி வெகுநேரமாகப் பார்த்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு கிட்ட வந்து, உங்களுக்கு வெக்கையாக இல்லையா என்று கேட்டாள். நான் வடத்தை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். கை, கை, கை என்று மனதுக்குள் கத்தினேன்.

கை போயிற்று. ஒரு தட்டு. ஒரு தடவல். பொலிஸ்காரியின் கண்களும் அந்தக் கையோடு இடுப்புக்குப் போயின. அவளுடைய சிரிப்பு நின்றது. மகள் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்கு அந்த இடத்தில் ஏதாவது..." என்று பொலிஸ்காரி தொடங்கினாள். அந்த வாக்கியத்தை எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் நானே முடித்துப் பார்த்தேன். எல்லா முடிவிலும் கைவிலங்கு இருந்தது. "...வலியா?" என்று அவள் முடித்தாள்.

"பான்ட்ஷைப," என்றார் அத்தான்.

முதுகெலும்பின் தட்டு விலகுவதற்கு ஜெர்மன்காரர் சொல்கிற பெயர் அது. இந்த நாட்டில் அது ஒரு வருத்தமல்ல, பிறப்பிலேயே கிடைக்கிற பிரசாவுரிமை. பொலிஸ்காரியின் முகம் மலர்ந்தது. அவளுடைய அப்பாவுக்கும் அதுதானாம். இடுப்புப் பட்டி கட்டியிருக்கிறீர்களா, அதனால்தான் சேட்டைக் கழற்றவில்லையா, நல்லது, ஆனால் பட்டி மட்டும் காணாது, உடற்பயிற்சி வேண்டும் என்றாள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீதியோரத்தில் மெல்லக் குனிந்து காட்டினாள். இப்படி. நீங்களும் செய்து பாருங்கள்.

அத்தான் குனிந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். குனியாமல் கழுத்தை மட்டும் ஆட்டி ஆட்டி நின்றார். வியர்வை நாடியால் சொட்டியது. அப்போதுதான் அக்கா பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எதையும் கேட்கவில்லை. அவருடைய வலது கையை மணிக்கட்டில் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, வாங்கோ வீட்டை போவம். நோவோடை நிக்கிறியள்."

"நான் நல்லாத்தான்..."

"வாங்கோ எண்டுறன்."

அவர் நொண்டிக்கொண்டு போனார். முதலில் இடது காலை நொண்டினார், முடக்கில் திரும்பியதும் வலது காலை நொண்டினார். சுகமாகட்டும் என்று பொலிஸ்காரி பின்னாலிருந்து சொன்னாள். வீடு போய்ச் சேரும்வரை அக்கா அந்த மணிக்கட்டை விடவில்லை.

அன்று பின்னேரமே பிஸ்டல் நிலவறைப் பெட்டிக்குள் போயிற்று. சாவி அக்காவின் கைப்பைக்குள் போயிற்று. அடுத்த நாளிலிருந்து சனம் வரத் தொடங்கியது. அல்லேலூயா என்றவர் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். தேமல் என்றவர் தனக்குத் தெரிந்த வைத்தியரின் பெயரோடு வந்தார். நாலாம் நாள் அத்தான் கதிரையிலிருந்து எழும்பும்போது உண்மையாகவே "அம்மா" என்று முனகினார். பொய்யை மறைக்கத் தெரியாவிட்டாலும் அதை நம்பத் தெரிந்த மனிதர்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிஸ்டல் போய்விட்டது, கையின் பழக்கம் போகவில்லை. இப்போது அது இடுப்பைத் தட்டும், அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு திடுக்கிடும், பதறிக்கொண்டு மறுபக்கத்தையும் தட்டும். முன்பு ஒருதரம் பார்த்த சனம் இப்போது இரண்டுதரம் பார்த்தது. அந்த நிலையில்தான் பிரசாவுரிமைக் கந்தோரிலிருந்து டெர்மீன், அதாவது நேரில் வரச்சொல்லி நாள், வந்தது, வருகிற வியாழக்கிழமைக்கு. அந்தக் கட்டட வாசலில் எப்போதும் ஒரு காவலாளி நிற்பான்.

"ரெண்டு கையிலும் பையைக் குடுப்பம்," என்றேன்.

"பையைக் கீழை வைச்சிட்டுத் தட்டுவார்," என்றாள் அக்கா. பிறகு மூத்தவளைப் பார்த்தாள். "நீ அப்பான்ரை வலது கையைப் பிடிச்சுக்கொண்டு போ. வாசல்லையிருந்து மேசைவரைக்கும்."

மூத்தவள் என்னை முறைத்தாள். எல்லாம் என்னுடைய குற்றம் போல. "எனக்குப் பதின்மூண்டு வயசு. ரோட்டிலை அப்பான்ரை கையைப் பிடிக்க ஏலாது."

"இங்கிலாந்து?" என்றாள் அக்கா.

அத்தான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். கடையில் கண்ணை மூடித் திறந்து இரகசியம் காக்கிற மனிதரின் முகம் அப்போது அவரிடம் இல்லை.

"ஓம், பிடிக்கிறன். ஆனா வகுப்பு ஆக்கள் ஆரும் வந்தால் விட்டிடுவன். முதல் ஒருக்காச் செய்து பாப்பம்."

மறுநாள் சனிக்கிழமை. அல்ரோனாவிலிருந்து பிரதான நிலையம்வரை, சனம் நிறைந்த எஸ்-பானில், அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வருவதென்றும், நான் எதிர் இருக்கையில் இருந்து பார்ப்பதென்றும் முடிவாயிற்று.