அமாவாசைக் கணக்கு

எங்கள் ஊர் காஞ்சிபுரம் நகராட்சியாக இருந்து மாநகராட்சி ஆகிவிட்டது. எங்கள் தெரு மட்டும் எட்டாம் வகுப்பிலேயே நின்றுகொண்டிருந்தது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. கோர்வைப் புடவை நெய்ய இரண்டு ஆள் வேண்டும். உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். கரைப் பக்கம் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள வீட்டுப் பிள்ளையைத்தான் உட்கார வைப்பார்கள். எட்டாவது பரீட்சை விடுமுறையில் அப்பா என்னை உட்கார வைத்தார். அந்த விடுமுறை முடியவே இல்லை. எதிர் வீட்டிலும் இதே கதை, பக்கத்து வீட்டிலும் இதே கதை. அதனால் யாராவது "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

சில வருஷங்களுக்கு முன் அதையே கேட்டுக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். ஊர் ஊராகப் போய், வேலை செய்கிற வயதில் இருப்பவர்கள் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறாளாம். நான் தறியை நிறுத்தினேன்.

"உங்க படிப்பு சார்?"

"எட்டு."

"மேடம்?"

அடுப்படியிலிருந்து என் மனைவி, "பத்தாவது" என்றாள்.

"பாஸா, ஃபெயிலா?"

"கணக்குல போச்சும்மா" என்று நான்தான் சொன்னேன்.

"அப்போ ஒன்பதாவதுன்னுதான் போடணும்" என்றபடி கையிலிருந்த போனில் விரலால் தட்டினாள். "போன வாரம் செங்கல்பட்டுல எடுத்தேன் சார். அங்க வீட்டுக்கு ஒரு டிகிரியாவது இருக்கு. இங்க தெரு பூரா எட்டு, எட்டுன்னே வருது."

"புடவை எடுக்கணும்னா மட்டும் செங்கல்பட்டுக்காரங்க இங்கதானம்மா பஸ் ஏறி வராங்க?" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை.

அவளுக்குச் சுட்டதில் நியாயம் இருந்தது. அவள் அங்கன்வாடியில் உதவியாளர். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுவது, மூக்கைத் துடைப்பது, பாயை விரிப்பது எல்லாம் அவள்தான். அங்கிருந்த டீச்சர் ஓய்வுபெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது பாஸ் செய்திருந்தால் அந்த இடம் அவளுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருத்தி வருவாள், இவள் காலம் பூரா பாய்தான் விரிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் தார் சுற்றிக்கொண்டே, அதாவது நாடாவுக்குள் போடும் குழலில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டே, "நான் திரும்ப எழுதப் போறேன்" என்றாள்.

"இன்னாத்த?"

"கணக்கு."

"நாப்பது ஆவப்போவுது உனக்கு."

"அது கணக்குக்குத் தெரியுமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. கல்லூரியில் கணிதம் படிக்கும் எங்கள் மகளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நேரம் எங்கே இருக்கிறது? பகலில் அங்கன்வாடி, வந்ததும் தார். தறிச் சத்தத்தில் எங்கள் வீட்டில் பேசினாலே கேட்காது. அமாவாசை ஒரு நாள்தான் வழி. அன்றைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. தலைக்கு ஊற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டு, வாழை இலையில் சாப்பிட்டுப் படுப்போம். எங்களுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளில் அம்மாவும் மகளும் கூடத்தில் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மற்ற நாட்களில் வாய்க்குள்ளேயே சூத்திரம் முணுமுணுத்துக்கொண்டு தார் சுற்றுவாள்.

முதல் அமாவாசைக்கு இரண்டே பேர். அடுத்த அமாவாசைக்கு எதிர் வீட்டுப் பெண் வந்தாள். அப்புறம் அவள் தங்கை, தறிக்குப் பாவு நூலை நீட்டிப் பிடிக்கும் ஒருவர், மூலை வீட்டு ஆட்டோக்காரர் என்று கூடம் நிரம்பிவிட்டது. எல்லாரும் எங்கேயோ ஒரு பாடத்தில் நின்றுபோனவர்கள். தெருக்குழாயில் சண்டை என்றால் ஊரைக் கூட்டுகிற அந்த ஆட்டோக்காரர், சம்மணம் போட்டு உட்கார்ந்து என் மகளிடம் திட்டு வாங்குவார். "மாமா, மைனஸ எங்க முழுங்கிட்டீங்க?" என்பாள். "இந்தா, கக்கிட்டேன்மா" என்று எழுதிக் காட்டுவார். நான் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டில்தானா இதெல்லாம் நடக்கிறது என்று இருக்கும்.

பரீட்சை ஆனி வெயிலில் வந்தது. அன்று காலையில் என் மனைவி குளித்துவிட்டு ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனாள். எங்கள் ஊரில் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அம்மன் பாதத்துக்குத்தான் போகும். குருக்கள் குங்குமத்தோடு ஈரப்பூவையும் வைத்துக் கொடுத்திருக்கிறார். நெட் சென்டரில் எடுத்த பிரிண்ட் ஈரம் தாங்குமா? மை இழுகி, போட்டோவில் முகம் இருந்த இடத்தில் சிவப்பும் நீலமும்தான் இருந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "கண்ணாலப் பத்திரிகையா இது, சாமி கால்ல வெக்கிறதுக்கு?" என்று கத்தினேன்.

"கத்தாதப்பா, படிச்சதெல்லாம் மறந்துடும்" என்றாள் என் மனைவி. வேறு பிரிண்ட் எடுக்கவும் நேரமில்லை. அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். இந்தத் தடவை விட்டால் டீச்சர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவாள் என்பது இருவருக்கும் தெரியும்.

பள்ளிக்கூட வாசலில் இருந்த அதிகாரி டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, உங்க ஊர்ல ஹால் டிக்கெட்டுக்கும் அபிஷேகம் பண்ணுவீங்களா? இப்பதான் ஒருத்தர் விபூதியோட வந்தாரு. அதுக்கு முன்ன ஒரு அம்மா துளசி தீர்த்தத்தோட." தன்னிடமிருந்த படத்தையும் இவள் ஆதாரையும் சரிபார்த்தார். "போம்மா, டைம் ஆவுது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். தேறாத பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் என் வயதுக்காரர்கள் எத்தனை பேர்! கழனி வேலையை விட்டுவிட்டு முசரவாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த அக்காவும் தங்கையும், சின்னக் காஞ்சிபுரத்தில் மடப்பள்ளி வேலை பார்க்கிறவர், நிறைமாதக்காரி ஒருத்தி. கல்லூரிப் பெண் ஒருத்தி, காக்கிச் சட்டையில் இருந்த தன் அப்பாவின் காலரைச் சரிசெய்து, "தெரிஞ்சத மொதல்ல எழுதுப்பா, தெரியாததுல நின்னுக்கினே இருக்காத" என்றாள். அவர் பயந்த முகத்தோடு தலையாட்டினார். மணி அடித்ததும் பெரியவர்களெல்லாம் உள்ளே போனார்கள். பிள்ளைகள் வேப்பமர நிழலில் காத்திருந்தார்கள்.

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அம்மாடி, இத்தனை பேரா! இவர்கள் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள்? நான் டீ குடிக்கிற கடையில், நான் ஏறுகிற பஸ்ஸில், என் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறார்கள். அங்கே நின்ற யாரையும் தெரியாவிட்டாலும் எல்லாரையும் கும்பிட வேண்டும் போலிருந்தது.

ரிசல்ட் வந்த அன்று மகள் போனில் எண்ணைத் தட்டினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "ம்மா, பாஸு!" என்று கத்தியதில் தெருவே வந்துவிட்டது. அங்கன்வாடி டீச்சர் போனிலேயே, "என் நாற்காலி இனிமே உனக்குத்தாண்டி" என்று சொல்லிவிட்டார்.

என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துச் சர்க்கரையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"பாஸ் பண்ணவ எதுக்கு அழுவுற?" என்றேன்.

"யாரோ கண்ணாலத்துக்கு அவசரப் புடவைன்னு, அன்னிக்குப் பத்தாவது பரீட்சைக்கு முந்தின வாரம் பூரா எங்கப்பா என்னைக் கரைக்கு உக்கார வெச்சாருப்பா. படிக்கவே இல்ல. அப்பலேந்து எனக்குக் கணக்கே வராது, மண்டையில ஒண்ணும் இல்லன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். வருது பாரேன். அப்பவும் வந்திருக்கும்."

சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டே தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறாது என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.