டென்மார்க் வெள்ளை

சந்திரகலா முதன்முதலாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, யாரோ செத்த செய்தியைச் சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பின்னே? சாம்பல் நிறத்தில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு கவுன். இடுப்பில் பிடிப்பு இல்லை, சுருக்கம் இல்லை, பேருக்கு ஒரு பூ இல்லை. அதற்கு மேல் காலர் இல்லாத வெள்ளைச் சட்டை. கழுத்தில் ஒன்றுமில்லை, கையில் ஒன்றுமில்லை, நெற்றியில் ஒன்றுமில்லை. தலைமுடியைப் பிடரியோடு கத்தரித்துவிட்டிருந்தாள். காலில் மரக்கட்டைச் செருப்பு. பாசாரில் மீன் வெட்டும் சீனக் கிழவிகள் ஈரத்தில் வழுக்காமலிருக்கப் போட்டுக்கொண்டு டக்கு டக்கென்று நடப்பார்களே, அதே மாதிரி.

"யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டேன்.

அவள் திருதிருவென்று விழித்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து என் தம்பி ராதாகிருஷ்ணன் எட்டிப் பார்த்தான். "அக்கா, யாரும் தவறலக்கா. நான் சொன்னேனே, சந்திரகலா. அவங்கதான் இவங்க."

எனக்குப் பகீரென்றது. இவளையா கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று பத்து நாளாக வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தான்?

இது எண்பத்திரண்டில் நடந்தது. அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். தம்பி ரயில்வே ஆபீசில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. அப்பா அம்மா போன பிறகு அவனுக்குச் சோறூட்டி, அவனை அடித்து, படிக்க வைத்து ஆளாக்கியது நான். நான் ரவாங்கில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடிவதற்குள் என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது, போய்விட்டார். பிணத்தைக் கூடத்தில் போட்டு வைத்துக்கொண்டு என் மாமியார் என்ன சொல்லி அழுதாள் தெரியுமா? "இவ தொட்டது எது வெளங்கிச்சு? இவ கை பட்ட நேரம் எம்புள்ளய முழுங்கிருச்சே!" அன்றைக்கு எனக்கு ஒரு வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டார்கள். தம்பியிடம் திரும்பி வந்தேன். சேலை கிழியும், இன்னொரு வெள்ளை வரும். அவ்வளவுதான் என் கதை.

அதனால் ஒருத்தி வெள்ளை உடுத்திக்கொண்டு என் தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? நான் சந்தேகப் பிராணி என்று தம்பி சொல்வான். சொல்லட்டும். அவனுக்கு ஒன்று என்றால் ஊர் முதலில் யாரைப் பார்க்கும் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அவள் கதையைத் தம்பிதான் சொன்னான். அப்பா தம்புசாமி கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர். அம்மா இல்லை. இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போனவள், படிப்பு முடிந்ததும் டென்மார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அங்கே போய்விட்டாள். அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிவிட்டது என்று இப்போது திரும்பி வந்து, கிள்ளானில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். கிள்ளான் ரயிலில் பழக்கம்.

"அது சரி, அதென்னடா உடுப்பு?"

"அது ஸ்காண்டினேவியன் ஸ்டைல்க்கா," என்று சொல்லிவிட்டு, டியூட்டிக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டான்.

ஸ்கந்த... என்னது? மிச்சம் எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டு வள்ளியம்மாவிடம் கேட்டேன். எங்கள் வரிசையில் வள்ளியம்மாவுக்குத் தெரியாத விஷயம் கிடையாது, தெரியாவிட்டாலும் சொல்லுவாள்.

"ஸ்கந்தன்னா யாரு, நம்ம முருகன்தானே?" என்றாள் வள்ளியம்மா. "இது மடம்லா! நான் கேள்விப்பட்டிருக்கேன். பொம்பளைங்க நகநட்டெல்லாம் கழட்டி வெச்சிட்டு, முடிய வெட்டிக்கிட்டு, வெள்ள பாஜு போட்டுக்குவாங்க. காலப் பாத்தியா, சாமியாருங்க போடுற பாதக்குறடு! இப்படிப்பட்டவங்க கல்யாணம் கட்டுனாலும் புருஷனுக்குத் தனிப் பாய்தான். சூசாதான் உனக்கு, கஷ்டம்தான்."

தனிப் பாயா? எங்கள் வம்சத்துக்கு இருப்பது அவன் ஒருத்தன். அன்றைக்குச் சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "அவ ஸ்கந்தன் மடத்துல சேந்தவளாடா? மறைக்காம சொல்லு."

அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தான். பிறகு, ஸ்காண்டினேவியா என்றால் டென்மார்க், சுவீடன், நோர்வே எல்லாம் சேர்ந்த ஊர்ப் பக்கம், முருகனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றான். அங்கே பொம்பளைகள் இப்படித்தான் உடுத்துவார்களாம். சாம்பல், வெள்ளை, கறுப்பு, மணல் நிறம். சரிகை, பூ, ஜிலுஜிலுப்பு எதுவும் கூடாதாம். துணி நல்ல துணியாக இருக்கணும், தையல் நல்ல தையலாக இருக்கணும், போட்டுக்கொண்டு வசதியாக நடமாடணும், அவ்வளவுதானாம்.

"நாடு முழுக்கவா தாலியறுத்துட்டு நிக்குது?" என்று கேட்டேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "உனக்குப் பிடிக்கலன்னா வேணாம்க்கா. நீ சரின்னு சொல்லாம நான் கட்டமாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். இது வேறு. கோபித்துக்கொண்டு கத்தினால்கூடப் பரவாயில்லை.

மடம் இல்லை என்று ஆனதும் வள்ளியம்மா சும்மா இருந்தாளா? "அப்படின்னா விஷயம் இன்னும் மோசம்லா, இராஜம்மா. நல்லா யோசிச்சுப் பாரு. வயசுப் பொண்ணு, அவ்வளவு வருஷம் அங்க இருந்திருக்கா. ஒரு வெள்ளக்காரன கட்டியிருப்பா. அவன் செத்திருப்பான். துக்கத்த மறைக்கவும் முடியல, சொல்லவும் முடியல. ஸ்டைலு கிய்லுன்னு பேரு வெச்சிக்கிட்டா."

நான் மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பது வயதுப் பெண், கை நிறையச் சம்பாதிக்கிறவள், ஒரு காரணமும் இல்லாமல் யாராவது இப்படி நிற்பாளா? நான் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கும் இருக்கத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிள்ளானுக்கு பஸ் ஏறினேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். வீட்டிலும் அதே கோலம்தான், சாக்குத் துணி நிறத்தில் ஒரு நீளச் சட்டை. அவள் அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா" என்று அவள் அறைக்குள்ளேயே கூட்டிப் போனாள். சுவரெல்லாம் வெள்ளை. ஒரு கட்டில், ஒரு மர நாற்காலி, ஒரு விளக்கு. படம், காலண்டர், பொம்மை, ஒரு மண்ணும் இல்லை. எவனாவது வெள்ளைக்காரன் போட்டோ இருக்கிறதா என்று நான் கண்ணாலேயே துழாவினேன். அலமாரி திறந்துதான் கிடந்தது. சாம்பல், வெள்ளை, கறுப்பு, மறுபடியும் சாம்பல். சும்மா சொல்லக்கூடாது, ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல கனமான லினன் துணி. உள் தையல்கூட ஒரு பிசிறில்லாமல் இருந்தது.

"உண்மையச் சொல்லு பொண்ணு," என்றேன். "அங்க யாரு செத்தா?"

அவள் கோபப்படவில்லை. நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"யாரும் சாகலக்கா. ராதா கிட்ட நீங்க இதத்தான் நெனைக்கிறீங்கன்னு நானே சொன்னேன். அவர் நம்பல."

"அப்ப ஏன் இந்தக் கோலம்?"

"நான் அங்க போனப்ப எங்கிட்ட இருந்ததெல்லாம் ரோஸு, மஞ்ச, கிளிப்பச்சை. வின்டர்ல மத்தியானமே இருட்டிரும்க்கா. குளிர்ல நடுங்கிக்கிட்டு நின்னேன். எங்க வார்டுல ஒரு நர்ஸ், கிர்ஸ்டன்னு பேரு, அவங்க சாம்பல் கலர் ஸ்வெட்டர் ஒன்ன குடுத்தாங்க. அவங்களும் அதே கலர்லதான் வருவாங்க. புதுசா கல்யாணமான ஒருத்தியும் அதே கலர்ல வருவா. கல்யாணமே வேணாம்னு இருந்த டாக்டரம்மாவும் அப்படித்தான். ரொம்ப நாள் சேந்து வேல செஞ்சப்பறம்தான் கிர்ஸ்டனுக்குப் புருஷன் இல்லன்னே எனக்குத் தெரியும். அங்க ஒருத்தியப் பாத்தா அவ கட்டுனவளா, கட்டாதவளா, புருஷன் செத்தவளான்னு உடுப்ப வெச்சு சொல்ல முடியாதுக்கா. யாரும் அப்படிப் பாக்கவும் மாட்டாங்க. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

அதெப்படித் தெரியாமல் இருக்கும்? அப்படியும் ஓர் ஊர் இருக்குமா? அடுத்த நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஓர் ஆத்திரம் வந்தது.

"உனக்கென்னடி! நீ ஆசப்பட்டுப் போட்டுக்குற, அலுத்துப்போனா கழட்டிருவ. எனக்குக் கட்டிவிட்டாங்க. கழட்ட முடியுமா என்னால? நீ வெளையாட்டுக்குப் போடுறத நான் பொணத்துக்குப் பக்கத்துல வெச்சுக் கட்டிக்கிட்டேன்!"

இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. போயும் போயும் இவளிடம் சொல்லித் தொலைத்தேனே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வந்த வேலையை முடித்துவிடலாம் என்று கறாராகச் சொன்னேன். "இங்க பாரு. கல்யாணத்தன்னிக்கு நீ செவப்புக் கூறை கட்டணும். பொட்டு, பூ, வளையல், கழுத்து நெறைய நக. ஒன்னும் கொறையக் கூடாது. முடியும்னா சொல்லு, நான் சம்மதிக்கிறேன். முடியாதுன்னா அவன விட்டுரு."

"கட்டுறேன்க்கா," என்றாள், யோசிக்கவே இல்லை. "ஆனா நாத்தனார் முடிச்சு நீங்கதான் போடணும்."

பைத்தியமா இவளுக்கு? தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவாள். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் தாலியறுத்தவள் கையால் தாலி முடிவார்களா? நான் மணவறைப் பக்கமே போகப் போவதில்லை. கல்யாணம் நடந்தாலும் வள்ளியம்மா மாதிரி ஒரு சுமங்கலியைத்தான் அதற்குக் கூப்பிடணும்.

"ஊரு காறித் துப்பும்," என்றேன்.

"ஊரு சொல்லுதுன்னு நான் கலர் கட்டணும். ஊரு சொல்லுதுன்னு நீங்க வெள்ள கட்டணும். நம்ம ரெண்டு பேரு பாஜுவ விட்டா ஊருக்கு வேற வேலையே இல்லியாக்கா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. இவள் எதற்காக என் கையைக் கேட்கிறாள்? என்னைக் குளிரவைத்துக் காரியம் சாதிக்கவா? இல்லை, நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால் "உங்க கை பட்டதுதான்" என்று என் தலையில் போடவா? ஒருத்தி ஏற்கெனவே போட்டிருக்கிறாளே! கல்யாணத்துக்கு மட்டும் சரி என்றேன். முடிச்சுக்கு வள்ளியம்மாதான் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அவள் என்ன சொன்னாள் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள் மகராசி. சிவப்புக் கூறை, சவரி வைத்துப் பின்னல், பின்னல் தெரியாமல் பூ, நெற்றியில் பொட்டு. அந்தக் கட்டைச் செருப்புக்காரிதானா இவள் என்று ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். நான் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அட்சதைகூட இன்னொருத்தியிடம் கொடுத்துப் போடச் சொன்னேன்.

கெட்டிமேளம் முழங்கியது. தம்பி தாலியைக் கட்டி ஒரு முடிச்சுப் போட்டான். வள்ளியம்மா பட்டுச்சேலை சரசரக்கக் குனிந்தாள். அப்போது சந்திரகலா கையைப் பின்னால் கொண்டுபோய், தாலிக் கயிற்றின் இரண்டு நுனியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வள்ளியம்மா ஒரு விரலைப் பிரித்தால் அடுத்த விரல் மூடிக்கொள்கிறது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு, "என்னம்மா இது?" என்றார். மேளக்காரருக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார். நாயனக்காரர் கன்னம் வெடித்துவிடும்போல இருந்தது.

"இராஜம்மா அக்கா வரட்டும்," என்றாள் சந்திரகலா. அவ்வளவு சத்தத்திலும் கேட்டது.

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. தம்பியும் பார்த்தான். "வாக்கா," என்றான், கெஞ்சினான். ஒரே முடிச்சோடு ஒரு தாலி எவ்வளவு நேரம் நிற்கும்? எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே ஓர் அறை விடலாம்போல இருந்தது. அந்தக் கோபத்தில்தான் நடந்தேன். இல்லாவிட்டால் என் கால் அந்தப் படியேறியிருக்காது. "ஐயையோ, இவளா?" என்று ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது. வள்ளியம்மா விலகி நின்றாள். பாவம், முகம் செத்துவிட்டது அவளுக்கு.

சந்திரகலா கயிற்றை என் கையில் விட்டாள். இரண்டாவது முடிச்சைப் போட்டேன். அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "பாவி, இவனுக்கு நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா இராஜம்மா கை பட்டதாலன்னு சொல்லுவாங்கடி," என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"சொல்லட்டும்க்கா. நான் சொல்லமாட்டேன்."

அந்த ரவாங் வீட்டில், அத்தனை பொம்பளைகளுக்கு நடுவில், அன்றைக்கு ஒருத்தி, ஒரே ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால்! கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. தடவித் தடவித்தான் மூன்றாவது முடிச்சைப் போட்டேன்.