ஊசி அறைக்கும் மருந்துக் கவுண்டருக்கும் நடுவே

கம்பம் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் ஓ.பி. சீட்டு எழுதுவது என் வேலை. எங்கள் நர்ஸம்மாவுக்கும் மருந்துக் கவுண்டர்க்காரருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் லேசுப்பட்டதல்ல. வாசலில் இருக்கும் ஒரே புங்கமர நிழல் அவருடைய பைக்குக்கா, இவருடைய ஸ்கூட்டிக்கா என்பது. அணைத் தண்ணீர்த் தகராறெல்லாம் இதற்கு முன்னே பிள்ளை விளையாட்டு.

எங்கள் பக்கத்தில் "அவுகளுக்கும் எங்களுக்கும் பேச்சில்ல" என்று சொல்வதில் பட்டம் வாங்கிய பெருமை இருக்கும். ஆனால் பேசாமல் ஆஸ்பத்திரி நடக்குமா? நடந்தது. தூது போக நோயாளிகள் எதற்கு இருக்கிறார்கள்?

"மாத்திர தீந்துபோச்சான்னு அங்கன கேட்டுட்டு வாங்க பெரியப்பா."

"நேத்தே சொல்லியாச்சுன்னு அங்கன சொல்லுங்க பெரியப்பா."

முழங்கால் வலிக்கு வந்த பெரியப்பா நாலு தடவை நடந்துவிட்டு, வலி அதிகமாகி வீட்டுக்குப் போவார்.

டாக்டர் சும்மா இருப்பாரா? 'குழு மனப்பான்மை' என்று பயிற்சி வைத்தார். திரையில் படம், தட்டில் வடை. கடைசியில் எல்லாரும் கைகோத்துப் புகைப்படம். அதில் இருவருக்கும் நடுவே நிற்பது நான். என் இடது கையை அவரும் வலது கையை இவரும் பிடித்திருக்கிறார்கள். ஒற்றுமை பிரமாதம்.

அப்புறம்தான் திராட்சைக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த ஒருவரை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். வாயெல்லாம் எச்சில், உடம்பெல்லாம் வேர்வை, மூச்சு இழுத்தது. டாக்டர் தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போனில் பேசிக்கொண்டே அளவு சொல்ல, நர்ஸம்மா விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார். தட்டில் இருந்த மருந்து தீர்ந்தது. மிச்சம் கவுண்டரில். எட்டிக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். நர்ஸம்மா அந்த ஆளின் பெண்சாதியிடம் திரும்பினார்.

"ஆத்தா, இன்னும் அட்ரோபின் வேணும்னு அங்கன போய்ச் சொல்லு."

அந்தப் பெண் ஓடினாள். கவுண்டர்க்காரர் பழக்க தோஷத்தில், "சீட்டு எழுதித் தரச் சொல்லுத்தா" என்றார்.

அவள் நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள்.

"ஏங்க, நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பேச வந்த தரகரா? அங்கன என் புருசன் சாகக் கெடக்காரு! நேராப் பேசித் தொலைங்க!"

கவுண்டர்க்காரர் பெட்டியோடு ஓடினார், செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"கூப்பிட்டா வாய் வலிக்குமா?"

"நீங்க வந்து பாத்தா கால் வலிக்குமா? ஒடைங்க அத!"

அவர் மருந்துக் குப்பியை உடைக்க, இவர் ஊசியில் ஏற்ற, இருவரும் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்தார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு சீரானது. ஆள் பிழைத்துக்கொண்டார். பயிற்சிக்கு நல்ல பலன் என்று டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார்.

இப்போது இருவரும் தினமும் நேருக்கு நேராகவே சண்டை போடுகிறார்கள். பெரியப்பாமார்களின் முழங்காலுக்கு நிம்மதி.

போன வாரம் அந்தப் பெண் ஒரு பை திராட்சையோடு வந்து கவுண்டரில் வைத்தாள். "நீங்களே பிரிச்சுக்கங்க. நடுவுல நான் வர மாட்டேன்."

கவுண்டர்க்காரர் அப்படியே ஒன்றைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனார்.

"கழுவிட்டுத் தின்னுங்க" என்றார் நர்ஸம்மா. "ஒங்களுக்கு ஊசி போட இங்கன மருந்து மிச்சமில்ல."