அருள்மேரி அக்காவின் கேசட்

கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "அருள்மேரி போயிட்டாங்களாம். காமாலை முத்திடுச்சாம்," என்றார் மேஸ்திரி. களிமண் வழிந்து என் காலில் கொட்டியது. யாரும் திட்டவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதியவர். பிளஸ் டூ படித்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் பக்கத்து அறையில், பள்ளியை விட்டுப் பட்டறைக்கு வந்த எங்களை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குத் தயார் செய்தார். அங்கே இருந்தது ஒரு டேப் ரிக்கார்டரும் ஒரு கேசட்டும்தான். கடைகள் சிடிக்கு மாறிவிட்டதால் வேறு காலி கேசட் கிடைக்கவில்லை.

முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. "இன்னா செல்வி, வாய்ல களிமண்ணா?" என்று சிரித்தவர், டேப்பை என் மடியில் வைத்தார். "நாங்க வெளிய நிக்கிறோம். உனக்குத் தெரியாதத இதுகிட்ட கேளு."

கதவு சாத்தியபின் கேட்டேன்: "அச்சு தண்ணியக் குடிக்குதுன்றாங்களே, அந்தத் தண்ணி எங்க போவுது?"

அதைப் போட்டுக் கேட்ட அக்கா, "நீங்களே பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றார். ஈர அச்சை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நிறுத்தோம். "அச்சு கிலோ இன்னா வெலம்மா?" என்று கடைக்காரர் கிண்டல் செய்தார். எடை குறைந்திருந்தது; அச்சு குடித்த தண்ணீர் காற்றோடு போயிருந்தது. பதிலை நாங்களே பதிவு செய்தோம்.

கேசட்டில் இடம் போதாதபோதெல்லாம் அக்கா தம் குரலைத்தான் முதலில் அழிப்பார். "என் பேச்சு எதுக்கு? உங்க கேள்வி இருக்கட்டும்."

அதனால், அடக்கம் முடிந்து நாங்கள் அவர் குரலைத் தேடியபோது, ஆரம்பத்தில் ஒரு துணுக்குதான் கிடைத்தது. "ம், கேளு, கேளு."

என்னோடு படித்த அமலா அழுதுகொண்டே கேசட்டின் முதுகிலிருந்த பிளாஸ்டிக் காதை உடைக்கப் போனாள். அதை உடைத்துவிட்டால் கேசட்டில் எதையும் பதிய முடியாது. "அக்கா கொரலாவது அழியாம இருக்கட்டும்டி."

"அப்ப ஞாயித்துக்கெழம கிளாஸு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அமலா கேசட்டை என் கையில் கொடுத்துவிட்டாள்.

கேசட் நிரம்பியிருந்ததால், ஞாயிறன்று அவர் குரல் முடியும் இடத்தில் நிறுத்திப் பதிவு செய்தோம். திரும்பப் போட்டபோது ஒரே ஒரு 'கேளு'தான் இருந்தது. மற்றதை எங்கள் கேள்வி தின்றுவிட்டது. "போச்சுடி," என்றாள் அமலா.

வாராவாரம் அங்கிருந்துதான் பதிகிறோம்; இருக்கிற ஒன்றும் எத்தனை வாரம் தாங்கும் என்று தெரியாது. அக்கா, நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்க போயிட்டு வாங்க.